அரைக் கட்டை இறக்கி

கீபோர்ட்டுக்குப் பின்னால் நிற்பவருக்கு,

நீங்கள் எடுத்துத் தந்த டிக்கெட்டில் தங்கச்சியோடு அந்தப் படத்துக்குப் போனேன். மேடைப் பாடகிக்கு மூன்று காதலர்கள். படம் முழுக்கப் பாட்டும் சிரிப்பும்தான். கடைசியில் பூங்கொத்து கொடுத்தவனை மணந்தாள். அவளுக்குப் பியானோ வாசித்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“விசரி! சரியான பைத்தியம்!” என்று கத்திவிட்டேன். தியேட்டரே என்னைப் பார்த்தது.

“நீங்கள் மட்டும் திறமோ அக்கா?” என்றாள் தங்கச்சி.

நான் பாடும்போது தொண்டை கரகரத்தால், கேளாமலே சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசிப்பீர்கள். சபைக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

போன மாதம், “நாங்கள் கலியாணம் செய்வமோ?” என்று கேட்டீர்கள். தொண்டை சரியில்லை என்று இருமிச் சமாளித்தேன்.

சனிக்கிழமை கிரான்பர்ன் மண்டபக் கச்சேரியில் கட்டையை இறக்க வேண்டாம். தொண்டை சரியாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் விசரி