கெயிலா ஊர்க்காரர்கள்

3 பிப்ரவரி 2025, திங்கள்
விவிலிய வினாடி வினாவுக்குக் கேள்வி எடுக்கும் வேலையைப் பங்குத் தந்தை என் தலையில் கட்டிவிட்டார். சாமுவேல் முதல் நூல், ஐம்பது கேள்வி. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருப்பவனுக்கு வீட்டிலும் பேப்பர் வேலைதான்.

5, புதன்
கெயிலா என்று ஓர் ஊர். இத்தனை வருடம் பூசை பார்த்தும் காதில் விழுந்ததில்லை. பெலிஸ்தியர் களத்துத் தானியத்தைக் கொள்ளையடிக்க, தாவீது போய் விரட்டி ஊரைக் காப்பாற்றுகிறார். பிறகு அவரைப் பிடிக்கச் சவுல் அரசர் படை திரட்டுகிறார். 'இந்த ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா?' என்று தாவீது கேட்க, கொடுப்பார்கள் என்கிறார் கடவுள். என்ன ஜனங்களோ.
கேள்வி: கெயிலா மக்கள் தாவீதை ஒப்படைத்தார்களா? விடை: ஆம்.

7, வெள்ளி
தாளாளர் கூப்பிட்டார். பத்தாம் வகுப்பு கீர்த்தி, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் இரண்டு மாதம் வரவில்லை. பரீட்சை எழுத வருகை போதாது. அவளுடைய வகுப்பாசிரியர் அழகுராஜா, வந்ததாகப் பதிவேட்டில் திருத்திவிட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.
"பாத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை விசாரணையில குடுங்க. இல்லன்னா உங்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

8, சனி
மூன்று வருடத்துக்கு முன் பரீட்சைப் பெயர்ப்பட்டியலை அனுப்ப மறந்தவன் நான். நாற்பது பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாமல் போயிருக்கும். அழகுராஜா சார்தான் மதுரையில் தேர்வு ஆபீஸுக்குப் போய், நாள் முழுக்க நின்று, பெயர்களைச் சேர்த்துவிட்டு வந்தார். இன்றுவரை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.
எனக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் கிடக்கு. நான் என்னதான் செய்ய?

11, செவ்வாய்
எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். கையெழுத்தும் போட்டாயிற்று.

12, புதன்
விசாரணை நடக்கவில்லை. காலையிலேயே அழகுராஜா சார் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். கீர்த்தியைப் பரீட்சை எழுத விடுங்கள் என்று மட்டும் கேட்டாராம். பீரோ சாவியைக் கொடுக்க என்னிடம் வந்தார்.
"நீங்க எனக்கு எதிரா எழுத மாட்டீக ஞானசேகர். எழுதலன்னா உங்க வேலையும் போயிரும். அதான் நானே கெளம்பிட்டேன்."
தாள் என் பைக்குள் இருந்தது. சரிங்க சார் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

14, வெள்ளி
என் மனைவி ரீனா கேள்வித்தாளைச் சரிபார்த்தாள்.
"கெயிலாவுக்கு விடை தப்பாப் போட்டிருக்கீக. எங்க ஒப்படைச்சாக? கடவுள் சொன்னதுமே தாவீது கெளம்பிப் போயிட்டாருல்ல?"
எடுத்துப் படித்தேன். அவள் சொல்வதுதான் சரி. ஆம் என்பதை அடித்து, இல்லை என்று எழுதினேன்.

16, ஞாயிறு
வினாடி வினா நடந்தது. எட்டாம் வகுப்பு மரிய அனிதா, "ஒப்படைக்கல சார்" என்றாள். பத்து மதிப்பெண். எல்லோரும் கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது கேட்டாள்: "அப்ப அந்த ஊர்க்காரவுக நல்லவுகதான சார்?"
கேள்வித்தாளில் அது இல்லை என்றேன்.
அந்த ஒன்றரைப் பக்கத்தை இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.