கொட்டாம்பட்டியில் கிடைக்காத கல்

கொட்டாம்பட்டி
20-1-1983

அன்புள்ள அழகுக்கு,

நலம். பொங்கலுக்கு நீ வருவாய் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் கண்டக்டர் மொக்கைச்சாமியிடம் ஒரு கல் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைத்துரை கிணறு வெட்டியபோது பாறை பிளந்து வந்தது. உள்ளே கறுப்பாக ஒரு செடி. "ஆதிகாலத்துச் செடி சார், அப்படியே கல்லாயிருச்சு" என்று குங்குமம் வேறு வைத்துவிட்டான். கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள் நீ. பார்த்துச் சொல்.

மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. தலைமையாசிரியர் வேலைக்காக நான் இங்கே வந்தேன். உன் வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாய் நீ. இருவரும் முறுக்கிக்கொண்டதில் வருஷங்கள் போய்விட்டன. இனி நம் வீட்டுக்கே வந்துவிடட்டுமா?

நல்லகாமன்


மதுரை
27-1-1983

அன்புள்ள உங்களுக்கு,

கல் கிடைத்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதில் பாதி குங்குமம் கழுவவே போயிற்று.

இது செடி அல்ல. விரிசலில் இறங்கிய நீர், கரைத்துக் கொண்டுவந்த மாங்கனீசைக் கிளைகிளையாகப் படியவிட்டிருக்கிறது. லென்சில் பார்த்தேன். காம்பு இல்லை, நரம்பு இல்லை. நம் பக்கத்துப் பாறை பூமிக்குள் வெந்து இறுகியது. அதில் செடி தங்காது. வெள்ளைத்துரையிடம் பதமாகச் சொல்லுங்கள்.

மே மாதம் பற்றி யோசிக்கவேண்டும்.

அழகம்மாள்


கொட்டாம்பட்டி
16-2-1983

அன்புள்ள அழகுக்கு,

"டீச்சரம்மா எதைத்தான் ஆமான்னு சொல்லியிருக்காக?" என்று சிரிக்கிறான் வெள்ளைத்துரை. விடாமல் ஓடைக்கரையிலிருந்து கல்லாகிப்போன முட்டை என்று ஒன்றை எடுத்துவந்திருக்கிறான். அதையும் அனுப்புகிறேன். "முட்டையே இம்புட்டுன்னா பறவை எம்புட்டு இருக்கும் சார்!"

யோசித்தாயா? பேச்சுத்துணை இல்லாமல் ரேடியோ செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நல்லகாமன்


மதுரை
24-2-1983

அன்புள்ள உங்களுக்கு,

முட்டை அல்ல. சுத்தியலால் உடைத்தேன். ஓடு இல்லை, உள்ளே வளையம் வளையமாகச் சுண்ணாம்பு. மண்ணில் நீர் ஊறுவதும் காய்வதுமாகத் திரண்ட உருண்டை.

யோசித்தேன். நீங்கள் வந்து, மறுபடி மனம் கசந்து கிளம்பிவிட்டால், இன்னொரு முறை அதைத் தாங்க எனக்கு வயதில்லை. இன்று சுண்டைவற்றல் குழம்பு வைத்தேன். மிஞ்சிவிட்டது. ஒருத்திக்கு அளவாக வைக்க இன்னும் கை பழகவில்லை.

அழகம்மாள்


கொட்டாம்பட்டி
20-3-1983

அழகு,

இது ஊருணிக்கரையில் கிடைத்தது. பார்த்துச் சொல். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

நல்லகாமன்


மதுரை
23-3-1983

அன்புள்ள உங்களுக்கு,

ஆம். இது உண்மையான புதைபடிவம். கடலில் வாழ்ந்த உயிரின் சுருண்ட ஓடு. வரிகள் சீராகச் சிறுத்துக்கொண்டே உள்ளே போகின்றன. அறைகளைப் பிரிக்கும் தடுப்புகள்கூடத் தெரிகின்றன. நீரும் மண்ணும் தாமாக இப்படிச் செய்யாது.

ஆனால் உங்கள் ஊருணிக்கரையில் இது கிடைக்காது. இடுக்கில் ஒட்டியிருக்கும் மஞ்சள் மண், ஒருகாலத்தில் கடலாயிருந்த அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையுடையது. போதாக்குறைக்கு, "சார் கால்ல கட்டுப் போட்டிருக்காரு டீச்சரம்மா. அரியலூருப் பள்ளத்துல வழுக்கி விழுந்தாருன்னு நான் சொல்லல" என்றார் மொக்கைச்சாமி.

நிலவியல் படித்தவளிடம் யாராவது இப்படியொரு பொய் சொல்வார்களா? என் வாயிலிருந்து ஒரு 'ஆம்' வருவதற்காகவா அந்த வெயிலில், அந்த வயதில் பள்ளத்தில் இறங்கினீர்கள்? கோபமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். பிறகு கல்லை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் சேர்ந்து இருக்கமுடியும் என்பதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. முடியாது என்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள். மே வரைக்கும் வேண்டாம். கால் ஆறும்வரை லீவு சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள். நீங்கள் மாடி ஏறவேண்டியதில்லை. கட்டிலைக் கீழே போட்டுவிட்டேன்.

அழகம்மாள்