குதிரைப்பாலும் என் கோபமும்

ஜூன் 28
இந்தக் கோடைக்கு இன்றுதான் முதல் குதிரைப்பால். குட்டிகளைக் கட்டிப்போட்டதும் தாய்க்குதிரைகள் தாமாகவே வந்து நின்றன. சிவலை மட்டும் கிட்டே போனாலே உதைக்கிறாள். "உன் கூடப் பிறந்தவ போல" என்கிறார் என் வீட்டுக்காரர் கோம்பு. அவர் தொடையில் குளம்பு பதிந்திருக்கிறது. எங்கள் உப்புத் தேநீரில் அவருக்கு மட்டும் உப்பைக் கூடுதலாகவே போட்டுக் கொடுத்தேன், காயத்துக்கு நல்லது என்று.

ஜூலை 1
மகள் எனெரேல் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். ஒன்பது வயது. பள்ளி விடுதியிலிருந்து வந்து இப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. துகுல்துரோடு குதிரை ஏறினேன், விழுந்துட்டேன் என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருக்கும் தவாசுரென் அண்ணனின் மகன் அவன்.

அவ்வளவுதான் கேட்டேன். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வாசலில் நின்றபடியே கத்தினேன் — பிள்ளையா வளர்க்கிற, ஓநாய்க்குட்டியா, என் பொண்ணைத் தள்ளிவிட. "உள்ள வா தங்கச்சி, டீ குடிச்சிட்டுத் திட்டு" என்றார் அண்ணன். குடிக்கவில்லை. ஒரு வீட்டு வாசல்வரை போய்த் தேநீரைத் தொடாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் 'நாயைப் பிடிங்க' என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். கோம்பு கேட்டார்: "போனதும் 'நாயைப் பிடிங்க'ன்னு குரல் கொடுத்தியா? அவங்க உன்னையில்ல பிடிச்சிருக்கணும்."

சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

ஜூலை 2
அவன் தள்ளவே இல்லையாம். இவள்தான் குதிரை மேல் எழுந்து நின்று காட்டினாளாம். — சரி. இப்ப என்ன பண்றது?

ஜூலை 5
துகுல்துர் இந்தப் பக்கம் வருவதில்லை. இவள் ஆற்றங்கரையில் தனியாகக் கூழாங்கற்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 7
காலையில் தலைவாரும்போது பார்த்தேன். உள்ளங்கை வீங்கிச் சீழ் கோத்திருக்கிறது. கன்று இழுத்த கயிறு கிழித்ததாம். மூன்று நாளாச்சாம்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ யாரையாச்சும் திட்டப் போயிடுவ. அப்புறம் என்கூட யாரு விளையாடுவா?"

"கயித்தையாடி திட்டப் போறேன்?"

"நீ திட்டுவ."

கழுவிக் கட்டுப் போட்டேன். வெளியே போய்த் தோல்பையில் புளிக்கிற பாலைக் கை ஓயும்வரை கடைந்தேன். சிவலை பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்று யாரோ கிட்டே வந்தார்கள் என்று அவள் விட்ட உதை, சொந்தக் குட்டி மேலேயே விழுந்தது.

எனக்கு வருவது கோபமா, பயமா? பயம்னா கை நடுங்கணுமே. எனக்கு வாயில்ல ஓடுது.

ஜூலை 9
கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு போய்க் கடைவது என்று வைத்திருக்கிறேன். இன்று மதியத்துக்குள்ளேயே பலமுறை கடைந்தாயிற்று. கடையக் கடையத்தான் இந்தப் பாலுக்கு ருசி ஏறும். கோம்பு ஒரு கிண்ணம் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார். "உன்னைத் தினம் ரெண்டு பேர் வம்புக்கு இழுத்தா, நம்ம பாலுக்கு ஊரே வரிசையில நிக்கும்."

ஜூலை 12
நாதம், எங்கள் கோடைத் திருவிழா. பந்தயக் குதிரைகள் வரும் புழுதிக்காக எல்லாரும் காத்திருந்தோம். என் முன்னால் தவாசுரென் அண்ணன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திட்டியே பழகின வாய்.

அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். மிதித்தவர் உடனே கை கொடுத்தாக வேண்டும், மிதிபட்டவர் அதை வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பகை தங்கிவிடும். கையை நீட்டினேன்.

அவர் பிடித்த கையை விடாமல் தன் பூட்ஸைப் பார்த்தார். "தெரிஞ்சுதான மிதிச்ச?"

"ஆமாண்ணே."

"அப்ப இந்தக் காலையும் மிதி. என் பையன் கணக்குல."

மிதித்தேன். மறுபடி கை கொடுத்தோம். அவர் கூடாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன், இரண்டு கிண்ணம்.

ஜூலை 20
எனெரேல் உதடு கிழிந்து வந்தாள். என் கையில் மத்து இருந்தது. நான் கேட்பதற்குள் அவளே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துகுல்துரோடு சண்டை, அவன் அடித்தான், ஆனால் முதலில் அடித்தது நான்தான், ஏனென்றால்... என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நடுவில் அவர்கள் வீட்டு நாய் போட்ட குட்டிகளின் பெயரெல்லாம் வந்தது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தைக் கீழே வைத்தது எப்போது என்று நினைவில்லை.

பொழுது சாயும்போது வெளியே "நாயைப் பிடிங்க" என்று சின்னக் குரல். துகுல்துர். அவனுக்கும் நெற்றியில் ஒரு புடைப்பு. இவள் எழுந்து ஓடிவிட்டாள்.

சாப்பிடும்போது கோம்பு கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். "என்ன இன்னைக்குச் சப்புன்னு இருக்கு? கடையலையா?"

மறந்துட்டேன்.