ஆறு குளிசைகள்

அன்பின் தவமலருக்கு,

உமது இரத்தம் மறுபடியும் உறையத் தொடங்கியிருக்கிறது என்று, இன்று காலைப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர் சொன்னார். "உடம்பே தன்ரை இரத்தத்தைக் கட்டியாக்கிற வருத்தம் இது. மிஸிஸ் குளிசையை விட்டவவோ?" என்று கேட்டார்.

இரத்தம் உறையாமல் நாளுக்கு ஒன்றாய் நீர் போடும் குளிசைகளில் ஆறு, உமது கைப்பையில் மிஞ்சியிருந்தன. நீர் பிடித்த கந்தசஷ்டி விரதமும் ஆறு நாள்.

மத்தியானம் வாட்டில் உம்மிடம் கேட்டேன். "சந்நிதி முருகனாணை, ஒண்டும் விடேல்லையப்பா. பேப்பருக்கு நியூஸ் எடுக்கிற உங்கடை விசாரணையை இஞ்சை வையாதேங்கோ" என்று சிரித்தீர். நான் நம்பவில்லை.

ஆனால் அந்த முருகன்மேல் நீர் பொய்ச்சத்தியம் செய்ததே இல்லை. இரத்தக்கட்டி மூளைக்குப் போனால் ஞாபகம் தவறும் என்கிறார் வைத்தியர்.

மூளை ஸ்கான் முடிவு வியாழக்கிழமை வரும். அதுவரை, நீர் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உமது மனுசன்