கினாகோவுக்குப் போட்ட கானாங்கெளுத்தி

சோஷி துறைமுகம்,
நவம்பர் 14.

அன்பு ஹருயோவுக்கு,

உன் தொகுஜி மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் யோனே அத்தையும் சுகம். மலை ஆஸ்பத்திரியில் உன் இருமல் குறைந்து, நீயும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். 'நீங்க என்னத்தச் சொன்னீங்க? பூனைய பன்னி மாதிரி ஆக்கிக் காட்டறேன்னுதானே சொன்னீங்க?' என்கிறாள். அதுவும் ஒருவகையில் முன்கூட்டிச் சொன்னதுதானே!

பயப்படாதே. உன் பூனை கினாகோவுக்கு உடம்பு சரியில்லை.

நீ வசந்தத்தில் கிளம்பும்போது, அவளுக்கு என்ன போடுவது, எப்படிப் போடுவது என்று ஒரு காகிதம் எழுதி வைத்தாய். முப்பது வருடமாக மீனில் நிற்கிற எனக்குப் பூனைக்குச் சோறு வைக்கக் காகிதமா என்று சிரித்துவிட்டு, அதில் காய்ந்த கணவாயைச் சுற்றிப் படகுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் வரி மட்டும் படித்தேன். மீதியெல்லாம் படித்தவர்கள் எழுதுகிற கடின எழுத்து. நான் நாலாவதோடு நின்றவன், ஆனால் நாலாவதில் நான்தான் முதல்.

உன் பூனையை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? கோடை முழுக்க மத்தி, செப்டம்பரிலிருந்து கானாங்கெளுத்தி. முதல் படகில் வந்ததிலேயே கொழுத்தது. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று வேளையும் போட்டேன். கவர்னர் வீட்டில்கூட அப்படிச் சாப்பிட மாட்டார்கள். மீன் தராசில் கூடையோடு தூக்கிப் பார்த்தால் ஒன்பது கிலோ! ஏலக்காரர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார்.

பத்து நாளைக்கு முன் கினாகோவின் வயிற்றைத் தடவினேன். அவள் போட்ட சத்தத்தில் அத்தை கையிலிருந்த கிண்ணத்தை நழுவவிட்டாள். அதன்பிறகு பூனை அலமாரிமேல் தாவுவதில்லை. தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. மீன் பெட்டியில் துணி விரித்து, சைக்கிளில் வைத்து, மாட்டு டாக்டர் நெமோதோவிடம் கொண்டுபோனேன். நான் போட்டதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர், 'பெரியவரே, ஏழு மாசமா மூணு வேளையும் கொழுத்த மீன்தானா? வேற ஒண்ணுமே இல்லையா? உள்ள கொழுப்பு கெட்டு மஞ்சளா இறுகிப்போச்சு. கை பட்டாலே வலிக்கும். தெருவுல பொறுக்கித் தின்ற பூனைக்கு இது வராது, இந்த மாதிரி செல்லத்துக்குத்தான் வரும்' என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இனி இந்த மீன் வாசமே கூடாதாம். வேகவைத்த கோழி, முட்டை மஞ்சள் கரு, தினம் ஒரு வைட்டமின் மாத்திரை. ஆனால் கினாகோவுக்கு மீன் தவிர மற்றதெல்லாம் சாப்பாடே இல்லையாம். கோழியைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு ஆசை வரட்டுமென்று நானே தரையில் குப்புறப் படுத்து ஒரு துண்டு தின்று காட்டினேன். பக்கத்து வீட்டு இவாசே வேலிக்குமேல் எட்டிப் பார்த்து, 'என்ன தொகுஜி, வீட்டுல உனக்குத் தட்டு குடுக்கறதில்லையா?' என்று கேட்டான். ஊரே சிரித்தது.

சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாலும் என் சட்டைக் கையில் அந்த வாசம் போகவில்லை. அவள் வந்து அதை முகர்ந்துவிட்டுக் கத்துகிறாள். நான் பெட்டி பெட்டியாக மீன் இறக்குகிறவன், ஹருயோ. கேட்கிறவளுக்கு ஒரு துண்டு கொடுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் ஓர் அதிசயம். என் உள்ளங்கையில் வைத்த கோழியை ஐந்து துண்டு தின்றாள். தின்றுவிட்டு விரல் இடுக்கையும் அரம் மாதிரி நாக்கால் நக்கினாள். அத்தை அழுதேவிட்டாள்.

உன் வார்டு நர்ஸ் ஓதாகிரி அம்மா கடிதம் போட்டிருந்தார். தட்டு போனபடியே திரும்பி வருகிறதாம், நீ சூப்பு மட்டும் இரண்டு வாய் குடிக்கிறாயாம். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். மீன் என்று எழுதத்தான் கை வந்தது. வேறு என்ன பிடிக்கும் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. அந்தக் கடிதம் இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

அந்தக் காகிதத்தை மறுபடியும் எழுதி அனுப்பு, அம்மா. எளிய எழுத்தில் எழுது. நீ அவளுக்குத் தட்டில் வைப்பாயா, கையில் ஊட்டுவாயா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாயா, எல்லாவற்றையும் எழுது. அதன் கீழேயே உனக்குப் பிடித்ததையும் எழுது. பேனா பிடிக்கத் தெம்பு வேண்டும். அதற்காகவாவது நாளைக்குத் தட்டில் பாதியைச் சாப்பிடு. துறைமுகக் கோயில் தெய்வம் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் கொஞ்சம் கூட்டி எழுதியதுதான். ஒன்பது கிலோ என்றது ஆறு கிலோ. ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் கோழி தின்றதாக எழுதியது நடக்கவேயில்லை. டாக்டர் ஊசி போடுகிறார், கரண்டியில் தண்ணீர் விட்டால் நக்குகிறாள். அவள் ஒரு வாய் தின்று இன்றோடு நாலு நாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா தொகுஜி