பூஜை போட்ட பாறையும் கொடி நட்ட களிமண்ணும்

என் செல்லமான சேவியர் அண்ணனுக்கு,

உன் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாளே ஆபீசில் உனக்கு வாய் முளைத்துவிட்டது. செத்துப்போன நீ பேசுகிறாயாம்!

"காற்றாலை கோபுரத்துக்கு மண்ணு டெஸ்ட் ஆயிடிச்சும்மா. உங்கண்ணனே ஓகே சொல்ட்டுதான் போனாரு. மறுபடி எதுக்கு போர் போட்டு மண்ண எடுக்கணும்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார் மேனேஜர், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று. நீ இன்ஜினியராக இருந்த அதே கம்பெனியில் மண் பரிசோதனை செய்யும் என்னிடமே சொல்கிறார்.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சனிக்கிழமை சித்ரதுர்கா மலையிலிருந்து ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாயே.

"கோபுரம் நிக்கப்போற எடத்துல கொடி நட்டு வெச்சிருந்தேன் பாப்பா. ஓனர் வூட்டுக்காரங்க கார் அங்க ஏறல. கொஞ்சம் கீழ, பாறை மேலயே பூஜை போட்டாங்க. பூஜை போட்ட எடத்த வுட்டு வேற எடத்துல குத்தினா ஆகாதுன்னு போர் போடற மெஷினையும் அங்கயே நிறுத்திட்டாங்க. பாறை வந்திச்சு, எல்லாரும் கை தட்னாங்க."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நல்ல நாளு, எதுக்கு வம்பு? திங்கக்கிழமை சொல்லிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை உன் நெஞ்சு நின்றுவிட்டது.

கற்பூரம் ஏற்றியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கும்பிட்ட இடம் ஒன்று, கோபுரம் நிற்கும் இடம் வேறு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த இன்ஜினியர்கள் மேல்தான் எரிச்சல். அதில் நீயும் ஒருவன். காற்று நாள் முழுக்க அந்தக் கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும். அடி மண் ஒரு பக்கம் இளகினாலும் போச்சு. கீழே ஆடு மேய்க்கிற சனம் இருக்கிறது. புகையில்லாத கரண்ட் என்று பெருமை பேசுகிறார்களே, அந்தக் கோபுரம் என்ன அந்தரத்திலா நிற்கும்?

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஓனருக்கே போன் போட்டுக் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். கடைசியில் கொடி இருந்த இடத்தில் போர் போட்டார்கள். பாறையே இல்லை, அண்ணா. இறங்க இறங்க மஞ்சள் களிமண். ஈரத்தோடு என் மேசைக்கு வந்தது. விரலால் அழுத்தினேன், குழைந்தது. உன்னைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. ஓங்கி ஒரு அறை விடவேண்டும்போலவும் இருந்தது.

மேனேஜர் உடனே பேச்சை மாற்றிவிட்டார். "பாவம், உங்கண்ணன்தான் எடத்த தப்பா காட்டிட்டாரு." நேற்று ஓகே சொன்னவன் நீ, இன்று தப்புச் செய்தவனும் நீ! எதிர்த்துப் பேச வரமாட்டாய் என்ற தைரியம். உயிரோடு இருந்தபோது மட்டும் பேசிக் கிழித்தாயா?

நாளை ஓனர் வருகிறார், மீட்டிங். நீ சரியான இடத்தைத்தான் காட்டினாய் என்று சொல்வேன். மெஷின் தள்ளி நின்றதைப் பார்த்தும் சும்மா இருந்தாய் என்பதையும் சொல்வேன். விஷயம் வீட்டுக்கு வரும், அம்மா அழுவாள். அழட்டும். அந்த மண்ணுக்கு ஏற்றபடி அடித்தளத்தை மாற்றி வரையாமல் ஒரு சட்டி கான்கிரீட்கூட விழ விடமாட்டேன். வேலை போனால் போகட்டும்.

பழியை உன் தலையில் கட்ட அவர்களை விடமாட்டேன், அண்ணா. உன்னை நல்லவனாக்க ஒரு பொய்யும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உன்மேல் கோபம் ஆறாத தங்கை,
ஸ்டெல்லா