என் கத்தியின் வெட்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

சூசையின் வலையை யாரோ கத்தியால் வெட்டினார்களா, அல்லது அது ஏதோ படகின் எஞ்சின் விசிறியில் மாட்டிப் பிய்ந்ததா? எனக்குத் தெரியவில்லை. வலை பழுது பார்ப்பவள், தெரிந்திருக்க வேண்டும்.

மதியம் சூசை வந்து நின்றான். "எக்கா, பக்கத்துப் படகு ராயப்பன்தான் வெட்டியிருக்கான். கத்தி வெட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க படிச்சவிய, நீங்க சொன்னா ஊர்க் கமிட்டில அவனக் கடலுக்கு விடமாட்டாவ."

அதற்குள் நான் ஓட்டையின் விளிம்பை நறுக்கிச் சீராக்கியிருந்தேன். பின்னுவதற்கு முன் அப்படித்தான் செய்ய வேண்டும். இப்போது அதில் இருப்பதெல்லாம் என் கத்தியின் வெட்டு. நறுக்குமுன் பார்த்திருப்பேன். ஆனால் ஒன்றும் நினைவில் இல்லை.

"தெரியலப்பா" என்றேன்.

"என்னக்கா, அவனுக்குப் பயப்படுதிய?"

பயமும் இருக்கலாம்.

சனிக்கிழமை.

காலையில் ராயப்பன் தன் வலையைக் கொண்டுவந்து போட்டான். அதிலும் பெரிய ஓட்டை. "சூசை வேலைதான்க்கா இது" என்றான். நான் கத்தியைத் தொடவில்லை. சூசைக்கு ஆள் அனுப்பினேன்.

மூவரும் குனிந்து பார்த்தோம். விளிம்பு முழுக்க இழை முறுக்கேறி, பிய்ந்து, கிரீஸ் அப்பியிருந்தது. கத்தி அப்படிச் செய்யாது. ராயப்பன் தலையைச் சொறிந்தான்.

சூசை என்னைப் பார்த்தான்.

"அப்ப என் வலை?"